கிளினிக் கொப்பியில் ஒரு வரி: மனநலம் பற்றிய ஆங்கிலத்தைப் பிரித்து விளங்கும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மனநல கிளினிக்குக்குப் போய்வருபவர்களின் கொப்பி, டயக்னோசிஸ் காட் எல்லாமே ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ முதல் பஸ்ஸில் வந்து, நம்பர் எடுத்து, மூன்று மணித்தியாலம் இருந்து, ஐந்து நிமிடம் டொக்டரோடு கதைத்துவிட்டு வெளியே வரும் குடும்பத்தின் கையில் மிஞ்சுவது அந்த ஒரு வரிதான். படித்த பிள்ளை ஒன்று அதைப் போனில் தட்டி மொழிபெயர்க்கும். வருவது பெரும்பாலும் பிழையான தமிழ். அந்தப் பிழையை வைத்துக்கொண்டு சிலர் மருந்தை நிறுத்துகிறார்கள், சிலர் நிச்சயித்த கலியாணத்தைக் குழப்புகிறார்கள், சிலர் கவனிக்க வேண்டிய ஆபத்தைக் கவனியாமல் விடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: சமூக ஆதரவு உத்தியோகத்தர், உளவளத்துணையாளர், தொண்டர், அயலவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பெண்கள், வீட்டில் ஆங்கிலம் ஓரளவு தெரிந்த ஒருவர். இதன் நோக்கம் ஆங்கிலம் படிப்பிப்பது அல்ல. ஒரு வரியைக் கையில் எடுத்து, அதில் டொக்டர் உண்மையில் என்ன சொல்லியிருக்கிறார், அடுத்து வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் கண்டுபிடிப்பது.

ஒரு மாதிரி வரியை வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது அம்மா ஒருவரின் கொப்பி என்று நினையுங்கள்:

"சிவியர் டிப்ரெஸிவ் எபிசோட் வித் சைக்கோட்டிக் சிம்ப்டம்ஸ். இன்சைட் பார்ஷல். பாஸிவ் சுயிசைடல் ஐடியேஷன், நோ பிளான்."

முதலில், இருப்பதை இருக்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள்

விளங்கின சொல்லை மட்டும் எழுதி, விளங்காததை விட்டுவிடுவதுதான் முதல் பிழை. எழுத்துக்கு எழுத்து பாருங்கள். போனில் படம் எடுப்பதென்றால் நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெயரும் கிளினிக் இலக்கமும் உள்ள மேல்பகுதியைக் கையால் மூடிவிடுங்கள். அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரே ஊரில் ஒருவருடைய கொப்பி மற்றவரின் போனில் இருப்பது எவ்வளவு பாரதூரமானது என்று இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று சிறிய குறிகளைத் தவறவிடாதீர்கள்.

வரிக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தால் அது சந்தேகம் மட்டுமே. "இதுவாக இருக்கலாம், இன்னும் பார்க்க வேண்டும்" என்று பொருள். கேள்விக்குறி போட்ட நோயை முடிந்த முடிவாக வீட்டில் சொல்லிவிட்டால், இரண்டு மாதம் கழித்து டொக்டர் வேறு பெயர் எழுதும்போது "முதல் பிழையா மருந்து குடுத்திட்டாங்க" என்ற கதை கிளம்பும்.

ஆங்கில எச் எழுத்தும் ஓ எழுத்தும் சாய்கோட்டோடு இருந்தால் முன்பு இருந்தது என்று பொருள், இப்போது இருப்பது அல்ல. சீ எழுத்தும் ஓ எழுத்தும் இருந்தால் நோயாளி தன் வாயால் சொன்ன வருத்தம். அகராதியில் அந்தச் சொல்லுக்கு "முறைப்பாடு" என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, யாரோ யாருக்கோ எதிராக முறைப்பாடு கொடுத்திருப்பதாக நினைக்க வேண்டாம்.

எஃப் என்ற எழுத்தும் இலக்கமும் சேர்ந்து இருந்தால் அது உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டின் குறியீடு. எஃப் 32 மனச்சோர்வு. எஃப் 20 ஸ்கிசோஃப்ரினியா (குரல் கேட்பது, பிழையான நம்பிக்கை போன்றவை வரும் ஒரு மனநோய்). எஃப் 31 இருதுருவ நோய் (மனம் ஒரு காலம் மிக உயர்ந்தும் ஒரு காலம் மிகத் தாழ்ந்தும் போவது). எஃப் 10 மதுவால் வந்தவை. எஃப் 43 கடும் நெருக்கீட்டுக்குப் பிறகு வருபவை. கையெழுத்து வாசிக்க முடியாதபோது இலக்கம் உங்களைக் காப்பாற்றும். நமது மாதிரி வரிக்கு எஃப் 32.3 என்று போட்டிருப்பார்கள்.

பிறகு, எந்த இடத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள்

கொப்பியில் பொதுவாக நான்கு பகுதிகள்: நோயாளி சொன்னது, டொக்டர் பார்த்தது, டொக்டரின் முடிவு, செய்ய வேண்டியது. ஒரே சொல் முதல் பகுதியில் இருந்தால் அது அவவின் சொல். இரண்டாம் பகுதியில் இருந்தால் அது டொக்டரின் கண்ணுக்குப் பட்டது. "லோ மூட்" என்று முதற்பகுதியில் இருந்தால் "மனம் சரியில்ல எண்டு அவ சொன்னா". மனநிலைப் பரிசோதனையில் இருந்தால் டொக்டரும் அப்படித்தான் கண்டார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே ஒரு முக்கியமான செய்தி. உதாரணமாக, "ஒண்டுமில்ல, நல்லா இரிக்கன்" என்று அவ சொல்லியிருப்பா; கீழே டொக்டர் "கண்ணீர் மல்க" என்று எழுதியிருப்பார்.

அடுத்து, தலைச்சொல்லைத் தேடுங்கள்

தலைச்சொல் என்றால் வரி எதைப் பற்றியது என்று சொல்லும் முதன்மைச் சொல். தமிழில் அது கடைசியில் வரும். ஆங்கிலத்தில் "வித்" என்ற சொல் வந்தால் அதற்கு முன்னாலேயே தலைச்சொல் முடிந்துவிடும். பின்னால் வருவதெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டவை. நமது வரியில் "வித்"துக்கு முன் நிற்பது "எபிசோட்". ஆகவே இந்த வரி பேசுவது ஒரு எபிசோட்டைப் பற்றி. எப்படிப்பட்டது? மனச்சோர்வு எபிசோட். எவ்வளவு? சிவியர். கூட என்ன? சைக்கோட்டிக் அறிகுறிகள். இந்த ஒழுங்கில் கேட்டால் வரி தானாகவே அவிழும். முதல் சொல்லிலிருந்து அகராதி பார்த்துக்கொண்டு போனால் கடைசியில் எதுவும் ஒட்டாது.

எபிசோட் என்றால் போன் "அத்தியாயம்" என்று காட்டும். இங்கே அதற்குப் பொருள், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு காலகட்டம். இந்தச் சொல்லில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. அதைக் குடும்பத்துக்குக் கட்டாயம் சொல்லுங்கள். டொக்டர் "இவ இப்படிப்பட்டவ" என்று எழுதவில்லை, "இவவுக்கு இப்ப இப்படி ஒரு காலம்" என்று எழுதியிருக்கிறார்.

சிவியர் என்றால் "மாறாது" என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது எண்ணிப் பார்த்துச் சொல்லும் சொல். மனச்சோர்வுக்கு மூன்று மைய அறிகுறிகள்: மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்ததில் பிடிப்பில்லாமல் போவது, உடம்பில் வலுவில்லாமல் சீக்கிரம் களைப்பது. இவற்றோடு நித்திரை, பசி, கவனம், தன்னம்பிக்கை, குற்ற உணர்வு, எதிர்காலம் இருண்டு தெரிவது, உயிரை மாய்க்கும் எண்ணம் என்று வேறு ஏழு. இவை ஆகக் குறைந்தது இரண்டு கிழமையாவது நீடித்திருக்க வேண்டும். மையத்தில் இரண்டும் மற்றதில் இரண்டும் இருந்தால் இலேசானது. மையத்தில் மூன்றும், மற்றதில் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. கடுமையானது என்றால் இப்போது அவவால் சமைக்க, குளிக்க, பிள்ளையைப் பார்க்க இயலாது என்று பொருள். "சோம்பல்" என்று ஏசக் கூடாது என்று பொருள். சுகம் வராது என்று பொருள் அல்ல. கடுமையான மனச்சோர்வும் மருந்துக்கு இளகக் கூடியதே.

இனி, "சைக்கோட்டிக்". இந்தச் சொல் காதில் விழுந்தவுடன் குடும்பத்துக்குப் படங்களில் வரும் "சைக்கோ" ஞாபகத்துக்கு வரும், கத்தியோடு திரிகிறவன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் வசனமாகச் சொல்லிவிட்டுத்தான் விளக்கத்துக்குப் போக வேண்டும். இங்கே நம்முடைய நூல்களில் இதை உளமாய நோய் என்கிறார்கள். பொருள் இதுதான்: மற்றவருக்குக் கேட்காத குரல் கேட்பது, அல்லது ஆதாரம் காட்டினாலும் அசையாத ஒரு பிழையான நம்பிக்கை. மனச்சோர்வோடு வரும்போது அந்த நம்பிக்கையும் சோர்வின் நிறத்திலேயே இருக்கும்: "நான் பெரிய பாவம் செஞ்சிட்டன்", "எங்கிட காசெல்லாம் போயிட்டு", "உள்ளுக்குள்ள அழுகிப் போயிட்டு". குரல் கேட்டால் அது ஏசும், குற்றம் சாட்டும். டொக்டர் ஏன் மனச்சோர்வுக்கு ஒரு குளிசையும் இதற்கு இன்னொரு குளிசையும் எழுதினார் என்பதற்கு விடை இந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. "ரெண்டு மருந்தும் ஒண்டுதானே" என்று ஒன்றை நிறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பொறிச்சொற்கள்

சில சொற்கள் பொது ஆங்கிலத்தில் ஒரு பொருளும் மனநல வார்டில் இன்னொரு பொருளும் கொண்டவை. அவற்றில் இன்சைட் என்ற சொல்தான் இங்கே அதிக கெடுதி செய்கிறது, ஆகையால் அதில் கொஞ்சம் நின்று போவோம்.

அகராதி "நுண்ணறிவு" என்கிறது. "இன்சைட் பூவர்" என்றால் மகனுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று நினைத்து அழுகிற தாய்மார் உண்டு. புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்சைட் என்பது தனக்கு வந்திருப்பது ஒரு வருத்தம் என்பதை அந்த நபர் எவ்வளவு உணர்கிறார் என்பதே. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தனக்கு ஏதோ வருத்தம் என்று தெரிகிறதா? கேட்கும் குரல் அந்த வருத்தத்தின் பகுதி என்று ஏற்கிறாரா? மருந்து தேவை என்று ஒப்புகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் முழுமை. ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் பார்ஷல்.

நமது ஊரில் பார்ஷல் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இது செய்வினைதான், ஆனா குளிசை குடிச்சா நித்திரை வருது, அதால குடிக்கன்." இதில் மூன்றாவது கேள்விக்கு ஆம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். செய்வினை இல்லை என்று வாதாடி வெல்லப் பார்த்தால் இருக்கிற அந்த ஒன்றும் போய்விடும். சடங்கு செய்யும் கட்டாடியாரிடமோ, தண்ணி ஓதித் தருபவரிடமோ போவதைத் தடுக்க வேண்டியதில்லை. குளிசையை நிறுத்தச் சொன்னால், அடித்தால், பட்டினி போட்டால், கட்டி வைத்தால் மட்டும் தடுங்கள்.

இதோடு சேர்த்து மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஊர் முழுக்க நம்புகிற ஒன்றை ஒருவர் நம்பினால் அது நோயின் நம்பிக்கை ஆகாது. நோயின் வரைவிலக்கணமே அப்படித்தான். வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மன் கோயிலில் தெய்வம் ஆடுபவர் நோயாளி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும், சமய நிகழ்வுக்கு வெளியே, விருப்பமில்லாமல், தொந்தரவாக வருவதை மட்டுமே கோளாறாகக் கொள்கிறது. தாய் இறந்த சில கிழமைகளில் முற்றத்தில் தாயின் குரல் கேட்டதாகச் சொல்வதும் பல துக்க வீடுகளில் உள்ளதே. வெளியூர் டொக்டருக்கு இது தெரியாமல் இருக்கலாம். "டொக்டர், இது இங்க வழமையா எல்லாரும் சொல்லுறதுதான்" என்றோ, "இல்ல டொக்டர், இத இவர் மட்டுந்தான் சொல்றார், வீட்டாக்களே பயப்பிடுறாங்க" என்றோ நீங்கள் சொல்வது நோய்க்குறிப்பையே மாற்றக்கூடிய தகவல்.

மற்றச் சொற்களை விரைவாகப் பார்க்கலாம்.

"பாஸிட்டிவ் சிம்ப்டம்ஸ்" நல்ல அறிகுறிகள் அல்ல. குரல் கேட்பது போல, புதிதாக வந்து சேர்ந்தவை. "நெகட்டிவ் சிம்ப்டம்ஸ்" இருந்தது இல்லாமல் போனவை: கதை குறைவது, ஆர்வம் போவது, குளிக்காமல் இருப்பது. குடும்பம் முதலாவதைக் கண்டு பயப்படும், இரண்டாவதைக் கண்டு ஏசும். இரண்டுமே வருத்தந்தான்.

"டினைஸ்" என்றால் பொய் சொல்கிறார் என்பதில்லை. கேட்டோம், இல்லை என்றார், அவ்வளவுதான்.

"ஃப்ளாட் அஃபெக்ட்" என்பதைப் போன் "தட்டையான பாதிப்பு" என்று தரும். முகத்திலும் குரலிலும் உணர்ச்சி ஏறி இறங்கவில்லை என்று சொல்லுங்கள்.

"இன் ரிமிஷன்" என்றால் இப்போது அறிகுறி இல்லை. முற்றாகச் சுகமாகி மருந்து தேவையில்லை என்று எடுத்துவிடாதீர்கள். முதல் தடவை வந்த மனச்சோர்வுக்குக்கூட, சுகமான பின் ஆகக் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும்.

"ஸ்கிசோஃப்ரினியா"வுக்குத் தமிழில் மனப்பிளவு என்று ஒரு சொல் புழங்குகிறது. அதைக் கேட்டதும் ஒரு உடம்பில் இரண்டு ஆள் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது வேறு. இந்தப் பெயரை வீட்டில் விளக்கும்போது "பிளவு" என்ற சொல்லையே தொடாமல், அவருக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்வது நல்லது.

"மெடிக்கலி அன்எக்ஸ்பிளெய்ன்ட்" என்று உடம்பு நோவுக்கு எழுதியிருந்தால், "ஒண்டுமில்லையாம்" என்று மொழிபெயர்க்காதீர்கள். மண்டை விறைப்பு, நெஞ்செரிவு, கை கால் உழைவு என்று நம்மவர்கள் மனத்தின் சுமையை உடம்பால் சொல்வது வழக்கம். நோவு உண்மை. இரத்தத்திலும் படத்திலும் காரணம் தெரியவில்லை என்பதே அந்த வரி.

கவனம் கூட வேண்டிய இடம்

நமது வரியின் கடைசித் துண்டு: "பாஸிவ் சுயிசைடல் ஐடியேஷன், நோ பிளான்." இந்தத் துண்டை மென்மையாக்கி "கொஞ்சம் கவலையாம்" என்று வீட்டுக்குச் சொல்வதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய ஆகப் பெரிய பிழை. நல்ல மனத்தோடுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் யாரும் விழிப்பாக இருக்க மாட்டார்கள்.

ஐடியேஷன் என்றால் எண்ணம் வந்து போவது. பாஸிவ் என்றால் சாவை விரும்புகிறார், தானாக எதுவும் செய்யும் எண்ணம் இல்லை. நமது ஊர்ப் பேச்சில் அது இப்படி வரும்: "ஆண்டவன் எடுத்தாக் காணும்." "படுத்தா எழும்பாமப் போனா நல்லம்." முஸ்லிம் வீடுகளில் "மௌத்தாப் போனா நல்லம் எண்டு இரிக்கி." இதை ஒரு கிழவி களைப்பில் சொல்லும் வழக்கமான வார்த்தை என்று தள்ளிவிடலாம்; ஆனால் நித்திரையும் பசியும் போன ஒருவர் சொன்னால் அப்படித் தள்ள முடியாது. இதற்கு அடுத்த படி ஆக்டிவ்: தானே செய்யும் எண்ணம். அதற்கு அடுத்தது பிளான்: எப்படி, எப்போது என்று யோசித்திருப்பது. "நோ பிளான்" என்பது எழுதப்பட்ட அன்றைக்கு மட்டுமே உண்மை. அடுத்த கிழமைக்கு அது உத்தரவாதம் அல்ல.

ஆகவே நீங்களும் கேட்க வேண்டும். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை, கேட்டால் பலருக்குப் பாரம் இறங்கும். தனியாக, ஆறுதலாக, சுற்றி வளைக்காமல்:

"மாமி, ஒரு விசயம் நேராக் கேக்கன், கோவிக்காதீங்க. வாழ்ந்தது காணும் எண்டு வருதா?"

"வருது மனே."

"உங்கட கையால உயிர மாய்ச்சிக்கிற மாதிரி யோசின வந்திரிக்கா?"

இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால், எப்படி என்று யோசித்தாரா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிளான் இருந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் கதைக்கலாம்.

பிளான் இல்லாவிட்டாலும் வீட்டார் அன்று பின்னேரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வயலுக்கு வைத்திருக்கும் கிருமிநாசினி, களைநாசினி எல்லாம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அயலவர் வீட்டில் பூட்டி வைக்கலாம். குளிசைகளை வேறு ஒருவர் பூட்டி வைத்து நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். உந்துதல் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணித்தியாலங்கள். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. 1995க்குப் பிறகு கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததே இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்ததற்கு முக்கிய காரணம். நாடளவில் பலித்த அதே வழிதான் ஒரு வீட்டளவிலும்.

கொப்பியில் டி, எஸ், எச் என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் தன்னைத் தானே காயப்படுத்திய ஒரு நிகழ்வு முன்பு நடந்தது என்று பொருள். "பொலிசுக்குப் போயிரும்" என்ற பயத்தில் இதைப் பல குடும்பங்கள் டொக்டரிடமே மறைக்கின்றன. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. மறைக்கத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்று மொழி நடக்கும் இடங்களில்

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. திருக்கோவிலிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ போகிற தமிழ் பேசும் நோயாளியிடம் டொக்டர் சிங்களத்தில் கேட்பார், ஒருவர் தமிழில் சொல்வார், எழுதப்படுவது ஆங்கிலத்தில். ஒரு செய்தி இரண்டு தரம் கை மாறுகிறது.

நல்ல உதாரணம், "யோசனை". நம்மவர் "யோசனை கூட" என்றால் மனக்கவலை, ஓயாத நினைப்பு. சிங்களத்திலும் "கல்பனா" என்ற சொல்லை நினைப்புக்கும் கவலைக்கும் சொல்கிறார்கள். அதனால் அந்தப் பக்கம் பொருள் ஒத்துப்போகிறது. ஆனால் டொக்டர் "கல்பனா" என்று சொல்வது தமிழ்க் காதில் "கற்பனை" என்று விழும். எல்லாம் உன் கற்பனை என்று டொக்டர் சொல்லிவிட்டதாக நினைத்து, நோயாளி அடுத்த முறை வராமலே விட்டுவிடுவார். ஆங்கிலத்தில் "திங்கிங் எ லொட்" என்று எழுதினாலோ ஆழ்ந்த சிந்தனையாளர் என்பது போல ஆகிவிடும். ஆகவே "யோசனை" வந்தால் அந்தச் சொல்லை மட்டும் மாற்றாமல், என்ன யோசனை, நித்திரையைக் கெடுக்கிறதா, நிறுத்த முடிகிறதா என்று கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழிபெயர்க்கும்போது நோயாளியின் வார்த்தையைத் தன்மையிலேயே, அதாவது "நான்", "எனக்கு" என்றே சொல்லுங்கள். "அவவுக்குக் குரல் கேக்குதாம்" என்றால் நீங்கள் நம்பாதது போல விழும். "எனக்குக் குரல் கேக்குது" என்று அவ சொன்னபடியே சொல்வதே முறை. தொடர்பில்லாமல், குழம்பிப் பேசினால் அதைச் சீர்படுத்தி அழகாக்காதீர்கள். அந்தக் குழப்பமே டொக்டர் தேடும் அறிகுறி. தாயின் வருத்தத்துக்கு அவவின் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. வேறு ஆள் இல்லையென்றால் வார்டில் உள்ள தாதி ஒருவரிடம் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி; விளக்கத்தைத் தமிழில் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

இனி, வரியைத் தமிழில் எழுதுவது

நமது மாதிரி வரியைப் பிழையாகச் சொன்னால் இப்படி இருக்கும்: "மனநோய் அறிகுறிகளுடன் கூடிய கடுமையான மனச்சோர்வு அத்தியாயம், பகுதி நுண்ணறிவு, செயலற்ற தற்கொலைக் கருத்தாக்கம், திட்டமில்லை." எல்லாம் தமிழ். யாருக்கும் விளங்காது.

சரியாகச் சொல்வது சின்னச் சின்ன வசனங்களில், வீட்டார் பேசும் சொல்லில்:

"அம்மாவுக்கு இப்ப மனச்சோர்வு கடுமையா இரிக்கி. அதாலதான் சமைக்கவும் குளிக்கவும் ஏலாம இரிக்கி, வேணுமெண்டு செய்யல்ல. மற்ற ஆக்களுக்குக் கேக்காத குரல் கேக்கிறதோ, இல்லாத ஒண்ட உண்மையெண்டு நம்புறதோ அவவுக்கு இரிக்கி, அதுவும் இந்த வருத்தத்தாலதான். வருத்தமெண்டு அவவுக்குப் பாதி விளங்குது, பாதி விளங்கல்ல. செத்தாக் காணும் எண்டு நினைப்பு வருது. தானாச் செய்ய யோசிக்கல்ல எண்டு இண்டைக்குச் சொன்னா. அதால அவவத் தனிய விட வேணாம், வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலெல்லாம் வீட்ட விட்டு வெளிய எடுத்து வைங்க."

பார்த்தீர்களா, ஆங்கிலத்தில் பதின்மூன்று சொல்லாக இருந்தது தமிழில் ஒரு பந்தியாகிறது. சுருக்கமாகச் சொல்ல முயல வேண்டாம். டொக்டருக்கு அந்தச் சுருக்கம் போதும். சமையலறையில் நிற்கும் மகளுக்குப் போதாது.

யாரிடம் சொல்வது என்பதையும் நோயாளியிடமே கேட்டு முடிவெடுங்கள். மருமகனுக்கோ மாமியாருக்கோ எல்லாம் தெரிய வேண்டியதில்லை. உயிராபத்து உள்ளபோது மட்டும் காவலுக்கு இருப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதையும் நோயாளிக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

சொன்ன பிறகு "விளங்கினதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "ஓம்" என்பார்கள். "தங்கச்சி, வீட்ட போய் அண்ணன் கேட்டா என்னண்டு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்வதில் எங்கே வழுக்கியிருக்கிறது என்று உடனே தெரியும். பெரும்பாலும் இரண்டு இடங்களில் வழுக்கும்: குரல் கேட்பதைப் "பேய்" என்று மாற்றியிருப்பார், அல்லது செத்தாக் காணும் என்பதை விட்டிருப்பார். அந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.

உங்களுக்கே ஒரு சொல் பிடிபடாவிட்டால் ஊகித்து நிரப்பாதீர்கள். கிளினிக்கில் மனநல மருத்துவ உத்தியோகத்தரோ, சமூக மனநலத் தாதியோ இருப்பார். "இதக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்க" என்பதைவிட, இப்படிக் குறித்துக் கேட்டால் பதில் சுறுக்காக வரும்: "டொக்டர், இந்தச் சொல்லால வீட்டில என்ன மாத்திச் செய்யணும்? எதக் கண்டா உடன கொண்டு வரணும்?"

கடைசியாக, கொப்பியின் பின்பக்கத்தில் குடும்பத்துக்கு விளங்கும் கையெழுத்தில் மூன்று விடயங்களை எழுதிக் கொடுங்கள். ஒன்று, மருந்து நேரம்: "மேனே" காலை, "நொக்டே" இரவு, பீ-டீ இரண்டு நேரம், டீ-டீ-எஸ் மூன்று நேரம். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்; "பத்து நாள் குடிச்சும் ஒண்டும் மாறல்ல" என்று நிறுத்துபவர்களே அதிகம். இரண்டாவது, எதைக் கண்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொன்னது. மூன்றாவது, அடுத்த கிளினிக் திகதி. வேளாண்மை வெட்டு நேரமாகவோ, பஸ் ஓடாத நாளாகவோ அது விழுந்தால், குளிசை முடிவதற்குள் வேறு எந்த நாளில் வரலாம் என்று அங்கேயே கேட்டு, அந்தத் திகதியையும் கீழே எழுதிவிடுங்கள்.